மாநகர நிதியுதவி பெறுவது எப்படி? சுற்றுச்சூழல் நீதிக்காக உழைக்கும் குடியிருப்போர் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

2021 ஜூன் 28 அன்று அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லண்ட் நகரில் வெப்பநிலை 116 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறத்தாழ 46.7 டிகிரி செல்சியஸைத் தொட்டது. போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் விவேக் சாந்தாஸ் அந்த வெயிலில் அளவுக் கருவியுடன் தெருத்தெருவாகச் சென்று அளந்தார். மரங்கள் அடர்ந்த, வசதியானவர்கள் வாழும் வில்லமெட் ஹைட்ஸ் பகுதியில் 99 டிகிரி இருந்தது. தார்ச்சாலையும் கான்கிரீட்டும் மண்டிய, குறைந்த வருமானக் குடும்பங்கள் மிகுந்த லென்ட்ஸ் பகுதியில் 124 டிகிரி இருந்தது. அந்த வெப்ப அலையில் நகரத்தை உள்ளடக்கிய மல்ட்னோமா கவுண்டி என்ற நிர்வாகப் பகுதியில் மட்டும் 69 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தனியாக வசித்த, ஏ.சி. இல்லாத முதியவர்கள்.

ஒரே நகரத்துக்குள் வெயில் இப்படிப் பாரபட்சம் காட்டுவது தற்செயல் அல்ல. 1930களில் வீட்டுக் கடன் வழங்கத் தகுதியற்றவை என்று சிவப்பு மை பூசி ஒதுக்கப்பட்ட பகுதிகளை, சாந்தாஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2020இல் 108 அமெரிக்க நகரங்களில் ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட நகரங்களில் அவையே இன்றும் கூடுதல் வெப்பத்தில் தகிப்பது தெரியவந்தது. கேடு விளைவிப்பதில் குறைந்த பங்கும் அதை அனுபவிப்பதில் அதிகப் பங்கும் ஒரே மக்களுக்கு வாய்ப்பதைத்தான் சுற்றுச்சூழல் அநீதி என்கிறோம். அதைச் சரிசெய்யும் பணியை அந்த மக்களின் கையிலேயே கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் சில நகரங்கள் தனி நிதியை உருவாக்கியுள்ளன. அத்தகைய நிதிக்கு ஒரு குழு எப்படித் தயாராவது, எப்படி விண்ணப்பிப்பது என்பதை, நான் நன்கறிந்த போர்ட்லண்ட், அண்டை மாநிலமான வாஷிங்டனில் உள்ள சியாட்டில் ஆகிய இரு நகரங்களை வைத்து இங்கே விளக்குகிறேன்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

போர்ட்லண்டின் தூய எரிசக்தி நிதி அரசு அதிகாரிகளின் யோசனையில் பிறந்ததல்ல. கறுப்பின, பூர்வகுடி, ஆசிய, லத்தீன் சமூக அமைப்புகளும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் கூட்டாகக் கையெழுத்து திரட்டி 2018 நவம்பர் தேர்தலில் மக்கள் முன் வைத்த முன்மொழிவு அது. வாக்காளர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தனர். நாடு முழுவதும் ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேலும் போர்ட்லண்டுக்குள் 5 லட்சம் டாலருக்கு மேலும் விற்பனை செய்யும் பெரும் சில்லறை நிறுவனங்களின் உள்ளூர் விற்பனை வருவாயில் 1 சதவீதம் இந்த நிதிக்குச் செல்கிறது. மளிகைப் பொருட்களுக்கும் மருந்துகளுக்கும் விலக்கு உண்டு. 2021இல் முதல் சுற்றில் 45 திட்டங்களுக்குச் சுமார் 86 லட்சம் டாலர் வழங்கப்பட்டது. வருவாய் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாகக் குவிந்ததால், 2023இல் ஐந்தாண்டுகளுக்கு 75 கோடி டாலர் மதிப்பிலான முதலீட்டுத் திட்டத்தை மாநகர மன்றம் ஏற்றது. அதில் சமூக அமைப்புகளுக்கான மானியமும் உண்டு, மாநகரத் துறைகளின் திட்டங்களும் உண்டு. எனவே விண்ணப்பிப்பவர் தமது திட்டம் எந்தப் பிரிவின் கீழ் வருகிறது என்பதை முதலிலேயே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

சியாட்டிலின் சுற்றுச்சூழல் நீதி நிதி அளவில் மிகச் சிறியது. நோக்கத்தில் மிகத் தெளிவானது. மாநகரின் நிலைத்தன்மை மற்றும் சுற்றுச்சூழல் அலுவலகம் அதை நடத்துகிறது. யாருக்கு வழங்கலாம் என்று பரிந்துரைப்பது சமூகப் பிரதிநிதிகள் அடங்கிய சுற்றுச்சூழல் நீதிக் குழு. இந்த வேறுபாடு விண்ணப்பம் எழுதும்போது மிகவும் பயன்படும். கார்பன் அளவையும் மின்சேமிப்பையும் கணக்கிட்டுப் பார்க்கும் போர்ட்லண்ட் போன்ற நிதிக்கு எழுதுவது ஒரு விதம். தம் தெருவின் துயரை அறிந்த அண்டை வீட்டார் வாசித்து மதிப்பெண் இடும் நிதிக்கு எழுதுவது இன்னொரு விதம்.

எல்லையையும் கவனியுங்கள். தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த பீவர்டன், ஹில்ஸ்பரோ ஆகியவை போர்ட்லண்ட் மாநகர எல்லைக்குள் இல்லை. பெல்வியூவும் ரெட்மண்டும் சியாட்டில் அல்ல. மாநகர நிதி, மாநகர எல்லைக்குள் வாழும் மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. புறநகரில் இயங்கும் தமிழ்ச் சங்கம் ஒன்று இதில் பங்கெடுக்க விரும்பினால், முன்னணியில் நின்று விண்ணப்பிக்காமல், பாதிக்கப்பட்ட பகுதியில் உள்ள குழுவுக்குக் கணக்கு எழுதவும், தரவுகளைத் தொகுக்கவும், கூட்டத்துக்கு வேண்டிய உதவிகளைச் செய்யவும் முன்வருவதே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. நமக்குத் திறமை இருப்பதாலேயே தலைமையும் நமக்கே உரியது என்று எண்ணிவிடக் கூடாது.

முடிவெடுப்பவர் யார்?

சமூகமே வழிநடத்தும் திட்டம் என்ற நிபந்தனையைப் பல குழுக்கள் ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகின்றன. "மக்களைக் கலந்தாலோசித்தோம்" என்று எழுதினால் போதும் என நினைக்கின்றன. மதிப்பீட்டாளர் தேடுவது வேறு: திட்டத்தைத் தேர்ந்தெடுத்தது யார், பணத்தை எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிப்பது யார், திட்டம் பிசகினால் அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? இந்த மூன்று கேள்விகளுக்கும் பாதிக்கப்பட்ட பகுதியில் வாழ்வோர் என்பதே விடையாக இருக்க வேண்டும். அதை உண்மையாக்கும் ஏற்பாட்டை விண்ணப்பத்தில் காட்டவும் வேண்டும்.

ஆகவே படிவத்தைத் திறப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே குடியிருப்போரைக் கூட்டுங்கள். அவர்களிடம் உங்கள் யோசனையை விளக்குவதற்கு முன், அவர்களுக்கு எது தொல்லை தருகிறது என்று கேளுங்கள். மரம் நட வேண்டும் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். இரவில் ஜன்னலைத் திறந்தால் லாரிப் புகை வருகிறது, மூடினால் புழுங்குகிறது என்று அவர்கள் சொல்லலாம். அப்படியானால் திட்டம் காற்றிலும் குளிர்ச்சியிலும் தொடங்க வேண்டும். கூட்டம் முடிந்ததும், ஐந்து முதல் ஒன்பது பேர் கொண்ட குடியிருப்போர் குழு ஒன்றைத் தேர்ந்து, செலவினங்களுக்கு அந்தக் குழுவின் ஒப்புதல் தேவை என்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு பக்கம் விண்ணப்பத்தின் இணைப்புகளிலேயே வலுவானதாக அமையும்.

பதிவுபெற்ற தொண்டு நிறுவனமாக இல்லாத குழுக்களும் மனம் தளர வேண்டியதில்லை. வரிவிலக்கு பெற்ற வேறொரு நிறுவனம் உங்கள் சார்பில் பணத்தைப் பெற்று, கணக்கு வைத்து, சம்பளமும் பில்லும் கொடுத்து உதவலாம். சியாட்டில் நிதி இந்த ஏற்பாட்டை ஏற்கிறது. அதற்காக அந்த நிறுவனம் பெரும்பாலும் 5 முதல் 15 சதவீதம் வரை கட்டணம் எடுத்துக்கொள்ளும். கட்டணத்தைவிட முக்கியமான விஷயம், பணத்தை அவர்கள் எத்தனை நாட்களில் விடுவிப்பார்கள் என்பதும், திட்டத்தின் உள்ளடக்கத்தில் தலையிட மாட்டார்கள் என்பதும் எழுத்தில் இருப்பது. வாடகை கட்டத் திட்டம் தரும் ஊதியத்தை நம்பியிருக்கும் ஒரு தாயிடம் "அடுத்த மாதம் காசோலை வரும்" என்று சொல்லும் நிலைக்கு எந்தக் குழுவும் வரக் கூடாது.

மக்களே திரட்டும் சான்று

சியாட்டிலின் டுவாமிஷ் நதிக்கரையில் உள்ள சவுத் பார்க், ஜார்ஜ்டவுன் பகுதிகள் நூறாண்டுகளாகத் தொழிற்சாலைக் கழிவைச் சுமந்தவை. நதியின் கீழ்ப்பகுதி 2001இல் நாட்டின் மிக மாசடைந்த இடங்களுக்கான சூப்பர்ஃபண்ட் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2013இல் வெளிவந்த ஆய்வின்படி, இப்பகுதிகளில் சராசரி ஆயுள், அதே நகரின் வசதியான லாரல்ஹர்ஸ்ட் பகுதியைவிட 13 ஆண்டுகள் வரை குறைவு. இந்த ஒற்றை எண் ஆயிரம் விண்ணப்ப வாக்கியங்களைவிட வலியது.

ஆனால் அங்குள்ள மக்கள் பிறர் திரட்டிய எண்களோடு நின்றுவிடவில்லை. போர்ட்லண்டில் மரங்களில் படரும் பாசியைச் சோதித்த வனத்துறை ஆய்வாளர்கள், வண்ணக் கண்ணாடித் தொழிற்சாலைகளின் அருகே காட்மியம் என்னும் நச்சு உலோகம் குவிந்திருப்பதை 2016இல் வெளிக்கொணர்ந்திருந்தனர். பாசிக்கு வேர் இல்லை. வேண்டியதையெல்லாம் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் எடுத்துக்கொள்வதால் காற்றில் கலந்த உலோகங்களும் அதில் தங்கிவிடுகின்றன. விலையுயர்ந்த கருவி ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரக்கிளை போதும். 2019இல் டுவாமிஷ் பள்ளத்தாக்கின் இளைஞர்கள் ஆய்வாளர்களிடம் பயிற்சி பெற்று, தம் தெருக்களில் உள்ள மரங்களிலிருந்து பாசி மாதிரிகளை எடுத்தனர். மாதிரிகளின் தரத்தை ஆய்வாளர்கள் சரிபார்த்தனர். முடிவுகள் ஆய்விதழிலும் வெளிவந்தன. பதின்வயதுப் பிள்ளைகள் கையுறை அணிந்து சுரண்டியெடுத்த பச்சைத் துணுக்குகள், எந்தத் தெருவில் உலோக மாசு அதிகம் என்று காட்டும் வரைபடமாயின.

உங்கள் பகுதியிலும் இப்படி ஏதேனும் ஒன்றை அளக்க முடியும். ஒரு கோடை முழுவதும் இருபது வீடுகளின் படுக்கையறையில் சாதாரண வெப்பமானி வைத்து இரவு பத்து மணி அளவைக் குறித்தாலே போதிய சான்று கிடைக்கும். அதனுடன் அரசுத் தரவையும் சேருங்கள். வாஷிங்டன் மாநில சுகாதாரத் துறையின் சுற்றுச்சூழல் சுகாதார ஏற்றத்தாழ்வு வரைபடம் ஒவ்வொரு கணக்கெடுப்புப் பகுதிக்கும் 1 முதல் 10 வரை தரமிடுகிறது. உங்கள் பகுதியின் எண்ணை அப்படியே எடுத்தாளலாம். மத்திய சுற்றுச்சூழல் முகமை நடத்திவந்த ஈ.ஜே.ஸ்கிரீன் என்ற தரவுத்தளம் 2025 பிப்ரவரியில் அதன் இணையத்திலிருந்து அகற்றப்பட்டதால், அதை மேற்கோள் காட்டும் பழைய விண்ணப்ப மாதிரிகளை அப்படியே பின்பற்ற வேண்டாம். முக்கியமான தரவுகளைத் தரவிறக்கி உங்களிடமே வைத்துக்கொள்வது நல்லது.

இன்னோர் எச்சரிக்கை: மாநகராட்சிக்கு நீங்கள் அனுப்பும் விண்ணப்பம் பொது ஆவணம் ஆகிவிடும். ஓரிகன், வாஷிங்டன் ஆகிய இரு மாநிலங்களின் சட்டப்படியும் எவரும் அதைக் கேட்டுப் பெறலாம். ஆகவே குடியிருப்போரின் பெயர், வீட்டு எண், நோய் விவரம், குடியேற்ற நிலை ஆகியவற்றை எக்காரணம் கொண்டும் அதில் எழுதாதீர்கள். ஒருவரது துயரைச் சொல்ல வேண்டுமானால் அவரிடம் ஒப்புதல் பெற்று, அடையாளம் தெரியாதபடி எழுதுங்கள்.

பட்ஜெட்: குழுவின் உண்மையான முகம்

மதிப்பீட்டாளர் பலர் விண்ணப்பத்தின் விளக்கப் பகுதிக்கு முன் பட்ஜெட்டைத்தான் புரட்டுகிறார்கள். மக்களே வழிநடத்துகிறார்கள் என்று பத்துப் பக்கம் எழுதிவிட்டு, பட்ஜெட்டில் ஆலோசகருக்குப் பாதியும் குடியிருப்போருக்கு ஒன்றுமில்லாமலும் போட்டிருந்தால் உண்மை அங்கேயே தெரிந்துவிடும்.

அறுபது வீடுகள் கொண்ட ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில், வெப்ப அலை நாட்களில் முதியவர்களை நேரில் சென்று பார்த்துவரும் திட்டம் ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். எட்டுக் குடியிருப்போர், மாதம் 10 மணி நேரம், நான்கு மாதங்கள், மணிக்கு 25 டாலர்: 8,000 டாலர். ஒருங்கிணைப்பாளருக்கு ஐந்து மாதங்கள், மாதம் 40 மணி நேரம், மணிக்கு 35 டாலர் வீதம் 7,000. ஆறு கூட்டங்களுக்கு இரு மொழிபெயர்ப்பாளர்கள், கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம், மணிக்கு 60 டாலர் வீதம் 1,440. அதே கூட்டங்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இருவர், மூன்று மணி நேரம், மணிக்கு 25 டாலர் வீதம் 900. உணவுக்கு 1,800. இருபது வெப்பமானிகளுக்கு 300. மொத்தம் 19,440, பணத்தை நிர்வகிக்கும் நிறுவனத்துக்கு அதில் 10 சதவீதம் 1,944 சேர்த்து 21,384 டாலர். இப்படி ஒவ்வொரு வரியிலும் எத்தனை பேர், எத்தனை மணி, என்ன வீதம் என்று பிரித்துக் காட்டினால் கேள்விக்கே இடமிருக்காது. மொழிபெயர்ப்பும் குழந்தை பராமரிப்பும் உணவும் கூடுதல் வசதிகள் அல்ல. இரவுப் பணி முடித்து வரும் ஒரு வியட்நாமியத் தாய் கூட்டத்துக்கு வந்து வாய் திறந்து பேசுவதற்கான குறைந்தபட்ச ஏற்பாடுகள் அவை. பணம் பற்றாக்குறையானால் வேறு எதையாவது குறையுங்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. குடியிருப்போருக்குக் கொடுக்கும் ஊதியம் அவர்களின் வருமானமாகக் கருதப்படலாம். உணவு உதவியோ வாடகை உதவியோ பெறுபவருக்கு அந்த உதவி குறைந்துவிட வாய்ப்புண்டு. எனவே யாருக்கும் பணம் கொடுப்பதற்கு முன், அவர் பெறும் உதவிகளின் விதிகளை அறிந்த ஒருவரிடம் பேச வையுங்கள். எவ்வளவு, எந்த மாதத்தில் பெறுவது என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

மரம் நடும் திட்டமாக இருந்தால் கன்றின் விலை சிறு பகுதிதான். அமெரிக்காவின் வடமேற்கில் உள்ள இந்நகரங்களில் கோடையில் மழை மிகக் குறைவு என்பதால், நட்ட மரத்துக்கு முதல் மூன்று கோடைகளுக்காவது தண்ணீர் ஊற்ற வேண்டும். ஓராண்டு நிதியில் மூன்றாண்டு வேலையை யார் செய்வது என்று எழுதாத விண்ணப்பம், காய்ந்த கன்றுகளுக்குக் கேட்கும் பணமே. தெருவோர மரங்களுக்கு மாநகர அனுமதியும், தனியார் வளாகத்துக்கு உரிமையாளரின் எழுத்து ஒப்புதலும் முன்கூட்டியே தேவை. குளிர்சாதனம் பொருத்தும் திட்டமென்றால் வாடகைதாரரின் உரிமையை அறிந்திருங்கள்: ஓரிகனில் 2022இல் நிறைவேறிய சட்டம், வாடகைதாரர் எளிதில் எடுத்துவைக்கக்கூடிய ஏ.சி. கருவி வைப்பதை வீட்டு உரிமையாளர் காரணமின்றித் தடுக்க முடியாதபடி செய்துள்ளது. 2021 கோடை இறப்புகளுக்குப் பின், போர்ட்லண்டும் தன் நிதியிலிருந்து ஐந்தாண்டுகளில் 15,000 குளிர்சாதனக் கருவிகளை முதியோர், வருமானம் குறைந்தோர் வீடுகளில் பொருத்தும் திட்டத்தைத் தொடங்கியது. ஏற்கனவே மாநகரம் செய்யும் வேலையைத் திரும்பச் செய்வதாக எழுதாமல், அந்தத் திட்டம் எட்டாத வீடுகளை எட்டுவதாக எழுதுங்கள்.

பூங்கா, பசுமைத் தெரு போன்றவற்றைக் கேட்கும்போது, இடம் அழகானால் வாடகை உயரும் என்பதையும் முகத்துக்கு நேரே பேசுங்கள். அங்கேயே வாழ்வோர் தொடர்ந்து அங்கேயே வாழ என்ன செய்வீர்கள் என்பதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்க வேண்டும். வாடகைதாரர் சங்கம் ஒன்றைக் கூட்டாளியாகச் சேர்ப்பது அதற்கு ஒரு வழி.

எழுதுவதும் அனுப்புவதும்

அறிவிப்பு வெளியானதும் மாநகராட்சி நடத்தும் விளக்கக் கூட்டத்துக்குத் தவறாமல் செல்லுங்கள். பொறுப்பு அதிகாரியிடம் உங்கள் திட்டம் தகுதிக்குள் வருமா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பது அவர்களுக்குத் தொந்தரவு அல்ல, அவர்கள் பணியே அதுதான். மதிப்பெண் அட்டவணை வெளியிடப்பட்டிருந்தால் அதன் வரிசையிலேயே விடைகளை எழுதுங்கள். அதிக மதிப்பெண் உள்ள கேள்விக்கு அதிக இடம் கொடுங்கள். எழுதி முடித்ததும் குடியிருப்போர் குழுவுக்கு முன் உரக்க வாசியுங்கள். அவர்கள் நெற்றியைச் சுருக்கும் இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம்.

உதவியில் செய்யத் தகாதவையும் உண்டு. மாநகரப் பணத்தைத் தேர்தல் பிரசாரத்துக்கோ வழிபாட்டுக்கோ செலவிட முடியாது. கோயில் அல்லது தேவாலய வளாகத்தில் குளிர்விப்பு மையம் அமைக்கலாம். ஆனால் எல்லா மதத்தவருக்கும் அது திறந்திருக்கும் என்பதையும், வழிபாட்டுச் செலவு இதில் சேராது என்பதையும் தெளிவாக எழுத வேண்டும்.

நிர்வாகத் தகுதியைப் பற்றிய கேள்விகளை வெறும் சடங்காக எண்ணாதீர்கள். 2021இன் இறுதியில் போர்ட்லண்ட் நிதியிலிருந்து ஓர் அமைப்புக்கு வழங்கத் தீர்மானிக்கப்பட்டிருந்த ஒரு கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகை, அதன் பொறுப்பாளரின் கடந்தகாலக் குற்ற வழக்கு வெளிச்சத்துக்கு வந்ததும் திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டு மாநகரத் தணிக்கையாளரும் நிதியின் கண்காணிப்பை வலுப்படுத்துமாறு கூறினார். அதன்பின் சோதனை கூடியிருப்பது இயல்பே. சிறு குழுக்கள் இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை: இரண்டு கையெழுத்து இல்லாமல் பணம் வெளியேறாது, ரசீது இல்லாமல் செலவு ஏற்கப்படாது, பொறுப்பாளரின் உறவினருக்கு வேலை கொடுத்தால் குழுவில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்ற மூன்று விதிகளை எழுத்தில் வைத்திருந்தாலே பெரும்பகுதி முடிந்துவிடும்.

கிடைத்த பின்னும், கிடைக்காவிட்டாலும்

நிதி ஒதுக்கப்பட்டது என்ற செய்தி வந்தவுடன் செலவைத் தொடங்கிவிடாதீர்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் செய்த செலவு பெரும்பாலும் திருப்பித் தரப்படாது. ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைக் கூர்ந்து படியுங்கள். முதலாவது, பணம் முன்பணமாக வருமா, செலவழித்த பின் வருமா என்பது. கையிருப்பு இல்லாத குழு முன்பணம் கேட்பதில் தயங்கவே கூடாது. இரண்டாவது, காப்பீடு, பெரும்பாலும் 10 லட்சம் டாலர் அளவிலான பொதுப் பொறுப்புக் காப்பீடு கேட்பார்கள், அதன் தவணையும் பட்ஜெட்டில் இருக்க வேண்டும். மூன்றாவது, ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு எவ்வளவு தொகையை அனுமதியின்றி மாற்றலாம் என்பது; மக்கள் வழிநடத்தும் திட்டத்தில் மாற்றம் வந்தே தீரும்.

அறிக்கைக்கான குறிப்புகளை முதல் வாரத்திலிருந்தே எழுதுங்கள். எத்தனை வீடுகளுக்குச் சென்றீர்கள் என்பதோடு, குடியிருப்போர் குழு எந்த முடிவை எப்போது மாற்றியது, ஏன் மாற்றியது என்பதையும் பதியுங்கள். அடுத்த சுற்றில் உங்கள் குழுவே உண்மையில் வழிநடத்துகிறது என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

நிராகரிக்கப்பட்டால், மதிப்பெண் விவரத்தையும் கருத்துரைகளையும் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். வெற்றிபெற்ற விண்ணப்பங்களையும் பொது ஆவணமாகக் கேட்கலாம். அவற்றைக் குடியிருப்போர் குழுவோடு உட்கார்ந்து படித்து, மதிப்பெண் குறைந்த கேள்விகளின் விடைகளை அவர்களோடு சேர்ந்தே திருத்தி எழுதுங்கள். இதற்கிடையே வெப்பமானி குறிப்புகள் நிற்க வேண்டாம். அடுத்த அறிவிப்பு வெளியாகும்போது உங்கள் கையில் இரண்டு கோடைகளின் அளவுகள் இருக்கும்.